மஞ்சள் ஒயரில் வந்தவர்கள்

சிரிக்க ஒரு இடம் இருக்கிறது இந்தக் கதையில். ஒரு தெருவே சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு அது. ஆனால் இப்போது வராது, எத்தனை அவசரப்படுத்தினாலும் வராது. அதற்கு முன்னால் ஒரு படகு காணாமல் போக வேண்டும், ஒரு மானிட்டர் உப்புக்காற்றில் செத்துப்போக வேண்டும், ஐந்து ஆண்கள் ஒரு தொப்பை டிவிக்குள் வந்து உட்கார வேண்டும், அதற்கு அப்புறம்தான்.

சங்குமேட்டிலிருந்து ஐந்து பேரோடு மீனுக்குப் போன 'சந்தியாகு' என்ற படகு திரும்பவில்லை. தேடப் போனவர்கள் ஒரு நீலக் கேனையும் சோடியில்லாத ஒரு ரப்பர் செருப்பையும் மட்டும் கொண்டுவந்து மணலில் வைத்தார்கள். உடல் கிடைக்காததால் பங்குச்சாமி அடக்கப் பூசை வைக்கத் தயங்கினார், பூசை நடக்காததால் பெண்கள் துக்கச் சேலை கட்டத் தயங்கினார்கள், துக்கம் தொடங்காததால் அது முடியவும் வழியில்லாமல், தூக்கிய காலை எங்கே ஊன்றுவது என்று தெரியாமல் ஊரே நின்றது.

அந்த ஐந்து பேரில் ஒருவன் ரெக்ஸன். செலஸ்தியின் மகன், டெல்ஃபினுக்கு அண்ணன்.

டெல்ஃபினுக்குப் பதினாறு வயது. அவள் தொண்டையில் இல்லாத குரல் சங்குமேட்டில் கிடையாது. பங்குச்சாமி மாதிரி மூக்கால் இழுத்து, "அன்பார்ந்த இறைமக்களே, செருப்பை வரிசையாக விடுங்கள்" என்று கோயில் மைக்கில் அவள் சொன்னதை நம்பி, பூசைக்கு வந்த கூட்டம் மொத்தமும் வெளியே போய்ச் செருப்பை அடுக்கியிருக்கிறது. தலைமையாசிரியை குரலில் ஒரு வகுப்புக்கே லீவு விட்டிருக்கிறாள். ஆடு, ஆம்புலன்ஸ், ஐஸ் பேக்டரி மோட்டார் எல்லாம் செய்வாள். படகு கிளம்பிய அன்றைக்கு ரெக்ஸன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "ஏளா, ஒரு தடவை உன் சொந்தத் தொண்டையில பேசு, கேட்டுட்டுப் போறேன்" என்றான். அவள் மீன் ஏலக்காரர் குரலில், "ரெக்ஸன் ஒரு கூடை! அழுகல் சரக்கு! கேக்க ஆள் உண்டா, ஆள் உண்டா, இல்லையா, கடலுக்கே போட்டும்!" என்று கத்தினாள். கரையே சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டேதான் போனான்.

அதற்குப் பிறகு டெல்ஃபின் தன் குரலில் பேசவே இல்லை. அம்மா கூப்பிட்டால் தலைமையாசிரியை குரலில் "எஸ், வாட் இஸ் தி மேட்டர்?" என்பாள், பால்காரருக்குப் பங்குச்சாமியாகவும் பங்குச்சாமிக்குப் பால்காரராகவும் பதில் சொல்வாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பிள்ளை எவ்வளவு தைரியமா இருக்கு என்றது தெரு. செலஸ்திதான் சரியில்லை; கஞ்சித் தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போகாமல், வளையல் முழங்கைவரை ஏறி இறங்குகிற அளவுக்கு வற்றிப்போனாள். அம்மாவையும் இழந்துவிடுவோமோ என்று டெல்ஃபினுக்கு உள்ளுக்குள் நடுக்கம். ஆனால் அந்த நடுக்கத்தைச் சொல்ல அவளிடம் இருந்த குரல்களில் எதுவும் பொருந்தவில்லை.

ஒருநாள் செலஸ்தி எழுந்து உட்கார்ந்து, ரெக்ஸனின் கம்ப்யூட்டரில் அவன் கிறிஸ்துமஸுக்கு ஆடிய வீடியோ இருக்கிறதே, அதைப் பார்க்கணும் என்றாள். மானிட்டரோ உப்பு அரித்துச் செத்துக் கிடந்தது. வீட்டில் இருந்த ஒரே திரை, முன்பக்கம் முகமும் பின்பக்கம் தொப்பையுமாக அலமாரியை அடைத்துக்கொண்டிருந்த பழைய டிவி. தூத்துக்குடியிலிருந்து ஞானராஜ் என்ற மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் பையிலிருந்து தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்தார்.

"இது கன்வர்ட்டர், கேட்டீங்களா. கம்ப்யூட்டர் பேசுறது இந்தப் பழைய டிவிக்குப் புரியாது. இது நடுவுல நின்னு மாத்திச் சொல்லும். கம்ப்யூட்டர்ல இருந்து இந்த நீலத்தலை ஒயரு உள்ள போகுது, இந்தப் பக்கம் மஞ்சள் ஒயரா வெளிய வருது. ஆனா தாயி, ஒண்ணு. இதுல படம் மட்டுந்தான் போகும். சத்தம் போகாது. சத்தத்துக்கு வெள்ளையும் சிவப்பும் தனியா இழுக்கணும், அந்த ஓட்டை உங்க கம்ப்யூட்டர்ல துருப்பிடிச்சுப் போச்சு."

"படம் வந்தாப் போதும்" என்றாள் செலஸ்தி.

படம் வந்தது. முதலில் கறுப்பு வெள்ளையாக மேலும் கீழும் உருண்டது. ஞானராஜ் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த குட்டிச் சுவிட்சை நகத்தால் தள்ளினார், நிறம் ஏறி நின்றது. கிறிஸ்துமஸ் ஆட்டம் இல்லை. ஒரு படகின் முன்பக்கத்து அணியத்தில், சலூனில் முறைக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி, ஐந்து பேர் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். ஈரத் தலை. ரெக்ஸன் கடலுக்குப் போன அன்றைக்குப் போட்டிருந்த நீலச் சட்டையோடு இருந்தான். கண் சிமிட்டினான், காதுக்குள் போன தண்ணீரைத் தலையைச் சாய்த்துத் தட்டி எடுத்தான்.

"வீடியோவை நான் இன்னும் திறக்கவே இல்லையே" என்றார் ஞானராஜ், மவுஸைக் கையில் வைத்துக்கொண்டு.

"திறக்க வேண்டாம்" என்றாள் செலஸ்தி. "வந்துட்டாங்க."

கேபிள்காரர் தன் வீட்டுத் தட்டை டிவியைச் சுமந்து வந்து அதே கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். வெறும் அருவிப் படமும் குப்பைத்தொட்டிச் சின்னமும்தான் தெரிந்தன. மஞ்சள் ஒயரைத் திரும்பத் தொப்பை டிவியில் சொருகியதும் ஐந்து பேரும் இருந்தார்கள். "புது டிவிக்கு வயிறு கெடையாதுல்லா, அவங்க எங்க உக்காருவாங்க" என்றார் கேபிள்காரர், அதோடு அந்த விவாதம் முடிந்தது. ஏன் வந்தார்கள் என்று அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. கேட்டால் போய்விடுவார்களோ என்ற பயமாகவும் இருக்கலாம்.

ஐந்து பேரும் ஒல்லியாகத் தெரிந்தார்கள். கம்ப்யூட்டர் படம் அகலம், டிவி சதுரம், அகலத்தைச் சதுரத்துக்குள் திணித்தால் ஆள் நசுங்கத்தான் செய்வான் என்று ஞானராஜ் கையால் அளந்து காட்டினார். தாய்மார் கேட்டால்தானே? "பாவி மக்கா, தின்னாமக் கெடக்கானுவ" என்று அழுது, அவரவர் வீட்டில் சாளைப் புளிமுளக் குழம்பும் நண்டு வறுவலும் வைத்து, மூடிய தட்டுகளோடு செலஸ்தி வீட்டுக்கு வரிசையாக வந்து டிவிக்கு முன்னால் வைத்தார்கள். அந்தோணியின் தாய் பிரகாசி, மோசஸின் மனைவி ஜூடித், மிச்ச இருவரின் வீட்டார். ஜூடித் மட்டும் ஒருநாள் அந்தக் குட்டிச் சுவிட்சைத் தள்ளிக் கறுப்பு வெள்ளையாக்கச் சொன்னாள். "கலர்ல பாத்தா உசிரோட இருக்கிற மாதிரி இருக்கு மாமி. கொஞ்ச நேரம் இப்பிடி இருக்கட்டும்." கொஞ்ச நேரம் அப்படி இருந்தது.

அப்புறம் அது தெருவின் அன்றாடமாகிப்போனது. மின்சாரம் தாழ்ந்தால் படம் நடுங்குகிறது, ஐந்து பேரும் குளிரில் நடுங்குவது போலத் தெரிகிறது என்று, பக்கத்து வீடுகளில் கிரைண்டரை நிறுத்தி அம்மியில் அரைத்தார்கள்; கரண்டு போகும் நேரத்துக்காக யாரோ படகுப் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து வைத்தார்கள். பங்குச்சாமி வந்து தீர்த்தம் தெளிக்கக் கையை ஓங்கினார், "சாமி, கரண்டு! கரண்டு!" என்று ஞானராஜ் அலறியதில் அவ்வளவும் சுவருக்குப் போயிற்று. ஐந்து பேரும் நேராகப் பார்க்காமல் எப்போதும் கொஞ்சம் இடப்பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்ததைப் பற்றியும் பேச்சு வந்தது. படம் நடுவில் உட்காரவில்லை, அதான் என்றார் ஞானராஜ். காத்து அந்தப் பக்கமிருந்து அடிக்குது என்றார்கள் கடலுக்குப் போகிறவர்கள். டிவிக்கு இடப்பக்கம் இருந்தது அடுப்படி, அதன் வாசலில் ஒரு பூப்போட்ட திரைச்சீலை, அவ்வளவுதான்.

எல்லாம் இருந்தும் சத்தம் இல்லை. செலஸ்தி மணிக்கணக்காகப் பேசுவாள், அவன் சிமிட்டுவான். தட்டில் வைத்த சோறு ஆறும். செலஸ்தி அதைத் தொடமாட்டாள். மகன் சாப்பிடாமல் தான் எப்படிச் சாப்பிட என்பாள். டெல்ஃபினுக்குக் குறும்பு வந்தது இங்கேதான், அல்லது குறும்பு என்று அவள் நினைத்துக்கொண்டது.

ரெக்ஸனின் கேரல் குழுவுக்கு ஒரு மைக்கும் சின்ன மிக்ஸர் பெட்டியும் உண்டு. அதை அடுப்படிக்குள் கொண்டுபோய், வெள்ளையும் சிவப்புமான ஒயரைப் பாய்க்கு அடியில் ஓட்டி, தட்டுகளைக் கழுவ எடுக்கிற சாக்கில் டிவியின் பின்னால் மஞ்சளுக்குப் பக்கத்தில் சொருகிவிட்டாள். திரைச்சீலைக்குப் பின்னால் தலைமேல் துவர்த்துத் துண்டைப் போர்த்தி, அண்ணனின் ஹெட்போனை ஒரு காதில் கவிழ்த்து, மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடித்தாள். முதலில் 'கூஊஊ' என்று டிவி ஊளையிட்டது. சத்தத்தைக் குறைத்தாள். பிறகு ரெக்ஸன் தூங்கி எழுந்தால் வரும் அந்தக் கரகரப்பை எடுத்துக்கொண்டாள்.

"எம்மா... நீ தின்னுட்டுச் சொல்லு, புளி தூக்கலா இருக்கா என்னன்னு. எனக்கு வாசம் மட்டுந்தான் வருது."

 அந்தப் பக்கம் தட்டில் கை படும் சத்தம் கேட்டது. செலஸ்தி சாப்பிட்டாள். "தூக்கலாத்தான் இருக்கு" என்றாள் வாயில் சோற்றோடு. துவர்த்துக்குள் டெல்ஃபின் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பு என்றுதான் அவள் நினைத்தாள். ஏமாந்துட்டாங்க! அடுத்த நாளிலிருந்து அந்த ஊளைச் சத்தமும் வரவில்லை. நம்ம கைவேலை அப்படி என்று மெச்சிக்கொண்டாள்.

செய்தி தெரு முழுக்கப் போயிற்று: டிவியில் இருப்பவர்கள் பேசுகிறார்கள், செலஸ்தியின் மகள் அடுப்படியில் பாத்திரம் கழுவும் நேரம் பார்த்துப் பேசுகிறார்கள். வாய் அசையவில்லையே என்று ஒரு பொடியன் கேட்டதற்கு, "தண்ணிக்குள்ள வாயத் தொறந்தா உள்ள போயிராதாலே" என்று நாலு பேர் அதட்டினார்கள். ஜூடித் வந்து உட்கார்ந்தாள். மோசஸின் இருமல் முதலில் வந்தது, பிறகு குரல் வந்தது: "ஏய், கூட்டுல உப்பு இல்ல. நான் கடல்லதான கெடக்கேன், ஒரு கை அள்ளிப் போடவா?" ஜூடித் சிரித்துவிட்டாள். படகு போனதிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல். பிறகு சிரிப்பு நிற்காமல் வேறொன்றாக மாறியது, பக்கத்தில் இருந்தவள் அவள் முதுகைத் தடவினாள்.

"மூத்தவன் பள்ளிக்கூடம் போகமாட்டேங்கான்" என்றாள் ஜூடித் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிவியைப் பார்த்து.

"நாளைக்குப் போவான். நான் சொன்னேன்னு சொல்லு."

போனான்.

இப்படி டெல்ஃபின் ஐந்து ஆண்களாக இருந்தாள். பகலெல்லாம் இருந்தாள். வலை பின்னச் சொன்னாள், மருந்து குடிக்கச் சொன்னாள், தங்கைக்கு மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்று முகம் தெரியாத ஒருவனை ஐவரில் வேறொருவனின் குரலில் திட்டினாள். குரல் கேட்கப் பிரகாசி முதன்முதலாக வந்த அன்று டெல்ஃபின் அந்தோணியை எடுத்து, குழைந்து, "எம்மா, எப்பிடிம்மா இருக்க?" என்றாள். அந்தப் பக்கம் சட்டென்று எல்லாமே நின்றுபோனது. ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. எங்கேயோ பிசகிவிட்டது என்று டெல்ஃபினுக்கு வியர்த்தது. அப்புறம் பிரகாசியின் குரல், மெல்ல, "இன்னொரு தடவை கூப்பிடு" என்றது. "எம்மா" என்றாள் டெல்ஃபின். "ம்" என்றாள் பிரகாசி. அதற்குப் பிறகு அவள் தினமும் வந்தாள், ஒருநாள்கூடத் தவறாமல், தட்டில் இரண்டு பேருக்கான சோற்றோடு. இரண்டு பேருக்கு எதற்கு என்று டெல்ஃபின் யோசிக்கவில்லை. மிச்சத்தை அம்மா அடுப்படிக்குள் தள்ளி வைப்பாள், பசியில் அவள் தின்றுவிடுவாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வந்திருந்தது அவளுக்கு.

செலஸ்தியும் தேறினாள். ஆனால் அவள் கேட்கிற கேள்விகள்தான் தொல்லையாக இருந்தன.

"ரெக்ஸா, உன் தங்கச்சி அழவே மாட்டேங்கா."

"அவ கல்லும்மா. ஐஸ் பேக்டரியில செஞ்சது" என்றான் ரெக்ஸன், திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து.

"அவ எங்கிட்டப் பேசி எவ்வளவு நாளாச்சு தெரியுமா. யார் யாரோ பேசுதாவ எங்கிட்ட. அவ பேசல."

ரெக்ஸன் கொஞ்சம் இருமினான். "அவகிட்ட என்னத்தம்மா இருக்கு பேச" என்றான். "கடைசியாப் பேசுனதும் அழுகல் சரக்குன்னுதான்."

அந்தப் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். டிவிக்குள் ஐந்து பேரும் இடப்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பங்குச்சாமி ஒரு மத்தியானம் வந்தார். ஆயரிடம் பேசிவிட்டதாகவும், உடல் இல்லாமலேயே ஐந்து பேருக்கும் அடக்கப் பூசை வைக்கலாம் என்றும், வருகிற ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாமா, வீட்டார் எல்லோரும் சம்மதித்தால்தான் என்றும் சொன்னார். அறை நிறையப் பெண்கள் இருந்தார்கள். ஜூடித் தலையை ஆட்டினாள். பிரகாசி தலையை ஆட்டினாள். மற்றவர்களும் ஆட்டினார்கள். எல்லோரும் செலஸ்தியைப் பார்த்தார்கள்.

"நான் அவன்கிட்டக் கேக்கேன் சாமி" என்றாள் செலஸ்தி. டிவியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "ரெக்ஸா. பூசை வைக்கட்டுமா? உன்ன அனுப்பிரட்டுமா?"

துவர்த்துக்குள் டெல்ஃபின் வாயைத் திறந்தாள். ரெக்ஸன் வரவில்லை. இன்னொரு முறை திறந்தாள். ஏலக்காரர் வந்தார், மோசஸின் இருமல் வந்தது, ஆடு, ஆம்புலன்ஸ், தலைமையாசிரியை எல்லோரும் தொண்டைக்குள் முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள், அவனை மட்டும் காணவில்லை. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு சிரித்தபடியே போய்க்கொண்டிருந்தான், அவள் கூப்பிட்டால் கேட்காத தூரம்.

"வை" என்று சொன்னால் முடிந்தது. அந்த ஒரு எழுத்து வரவில்லை.

அறை பொறுமையாகக் காத்திருந்தது. அப்புறம் செலஸ்தி, டிவியைப் பார்த்தபடியே, "சரி, அவன் ஒண்ணும் சொல்லல. அவன் தங்கச்சி என்ன சொல்லுதா?" என்றாள்.

டெல்ஃபின் மைக்கைக் கீழே வைத்தாள். திரைச்சீலையை விலக்கிக்கொண்டு, தலையில் துவர்த்தும் கழுத்தில் ஹெட்போனுமாக வெளியே வந்தாள். மாட்டிக்கொண்டோம், இனி ஒவ்வொருத்தியும் விளக்குமாற்றை எடுப்பாள் என்று நினைத்தாள். யாரும் அசையவில்லை. பங்குச்சாமிகூடத் திடுக்கிடாமல், கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டார். அப்போது டிவியைப் பார்த்தாள். குரல் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து அவள் திரைச்சீலைக்குப் பின்னால்தான் இருந்தாள், முன்னால் நின்று பார்த்ததே இல்லை. நீலச் சட்டையில் ரெக்ஸன், அவனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மற்றவர்கள், ஐந்து பேரும் கொஞ்சம் இடப்பக்கமாக, காற்று வரும் திசையை இல்லை, நேராக அந்தப் பூப்போட்ட திரைச்சீலையை, அதன் முன்னால் நிற்கிற அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏன் இவர்கள் யாரும் கத்தவில்லை என்று புரியாமல் அவள் டிவியின் தொப்பைப் பக்கம் குனிந்தாள். மஞ்சள் ஒயர் அதன் இடத்தில் இருந்தது. வெள்ளையும் சிவப்பும் எதிலும் சொருகாமல் தொங்கின. யாரோ இரண்டையும் சேர்த்து மல்லிகைச்சரத்து வாழைநாரால் அழகாகக் கட்டி ஆணியில் மாட்டியிருந்தார்கள். நார் காய்ந்து, பழுத்து, தொட்டால் உதிர்கிற மாதிரி இருந்தது. ஒயர் நுனிகளுக்கு நடுவில் ஒரு சிலந்தி நிதானமாக வீடு கட்டி முடித்திருந்தது.

"அந்தப் பொட்டி நாய் மாதிரி ஊளையிட்டுதுல்லா" என்றாள் செலஸ்தி. "காது வலிச்சுது. அதான்."

டெல்ஃபின் ஜூடித்தைப் பார்த்தாள். ஜூடித் தரையைப் பார்த்தாள். பிரகாசி மூடிய தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்தோணி என்னை அக்கான்னுதான் கூப்பிடுவான்" என்றாள் பிரகாசி. "எந் தம்பிமாரோட வளந்தவன், அவனுவ கூப்பிடுறதக் கேட்டு அப்பிடியே பழகிட்டான். எம்புட்டு அடிச்சும் மாத்தல. என்னை அம்மான்னு கூப்பிட்ட ஒரே ஆளு..." அதற்கு மேல் சொல்லாமல் தட்டின் மூடியைத் திறந்து அவள் பக்கமாக நகர்த்தினாள். இரண்டு பேருக்கான சோறு.

டெல்ஃபின் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லா முகமும் இத்தனை நாளும் அந்தத் திரைச்சீலையிலிருந்து வந்ததைக் கேட்டுக்கொண்டு, மரியாதைக்கு டிவியின் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த முகங்கள்.

"எப்பம்மா கழத்தின?" என்று கேட்டாள்.

அது ஏலக்காரர் குரல் இல்லை, ரெக்ஸன் இல்லை, யாரும் இல்லை. கரகரத்து, நடுவில் உடைந்து, வெகுநாள் பூட்டிக் கிடந்த கதவு மாதிரி வந்த அந்தச் சத்தம் யாருடையது என்று அவளே ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள்.

"மொத நாளே" என்றாள் செலஸ்தி.

முதலில் சிரித்தது பிரகாசி. அப்புறம் ஜூடித், அப்புறம் பங்குச்சாமி மூக்கால், அப்புறம் அறை முழுக்க, வாசலில் நின்றவர்கள், சன்னலில் தொங்கியவர்கள், தெரு மொத்தமும், கண்ணில் நீர் வழிய வழிய. அந்தச் சிரிப்புக்கு நடுவில் தலையில் துவர்த்தோடு நின்ற டெல்ஃபினுக்கு, இந்த ஊரில் ஏமாந்த ஒரே ஆள் யார் என்று அப்போதுதான் புரிந்தது.